கருவாட்டில் பதினாலு வோல்ட்

இனி உயிருள்ளவரை கிரைண்டரைத் தொடுவதில்லை என்று சிலுவைமுத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், முழங்கை வரை மாவோடு முடிவெடுத்தான்.

ராயபுரத்தில் எட்டுக் குடித்தனம் இருக்கிற லைன் வீட்டில் கடைசி வீடு அவனுடையது. துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கிற வேலை. சனிக்கிழமைதான் வார லீவு. அன்றைக்கென்று பார்த்துத்தான் மனைவி ஐரீன் அரிசி ஊறப்போடுவாள். அன்றைக்கென்று பார்த்துத்தான் தெருமுனையில் கேரம் போர்டும் பவுடர் பூசிக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்கும்.

இடுப்பு வலி என்றான். தைலம் வந்தது. வலது கை வலிக்கிறது என்றான். "இன்னொரு கை கீதே" என்றாள். ஐரீனைப் பேசி ஜெயிக்க முடியாது, விஞ்ஞானத்தால்தான் முடியும் என்று அவனுக்குப் பட்டது. நேராக ரிச்சி தெருவுக்குப் போனான்.

"மல்டிமீட்டர் ஒண்ணு குடு. நம்பர் பெருசா தெரியணும்."

"எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"கிரைண்டர்ல ஷாக் கீதுன்னு பாக்க."

"கீதா இல்லியான்னு பாக்கவா?"

"கீதுன்னு பாக்க."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இப்படிப்பட்ட கணவன்மார்கள் நிறையப் பேரைப் பார்த்தவர் போலிருந்தது. "வூட்டு கரண்ட்ட அளக்கணும்னா அறுநூறு வோல்ட் தாங்கற மீட்டரா வாங்குங்க. உள்ள ஃபியூஸ் இருக்கணும். ஒயரு தடியா இருக்கணும். டுபாக்கூர் மீட்டர் வாங்கினா கையிலயே வெடிக்கும்."

தன் உயிரைப் பற்றி ஒருவர் இவ்வளவு கவலைப்பட்டு அவன் கேட்டதே இல்லை. உருகிப்போய் வாங்கிவிட்டான். மஞ்சள் மீட்டர், சிவப்புக் குச்சி ஒன்று, கறுப்புக் குச்சி ஒன்று.

திட்டம் எளிமையானது. மீட்டர் என்ன காட்டினாலும் அலறிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும், கறுப்புக் குச்சியை அந்தரத்தில் தொங்கவிட்டு, சிவப்புக் குச்சியால் கிரைண்டரின் உடம்பைத் தொட்டான். எண்பத்தேழு என்று வந்தது. பொய்யாக அலறத் தயாராக இருந்த சிலுவைமுத்து நிஜமாகவே அலறினான்.

"இன்னாய்யா?" என்று ஓடி வந்தாள் ஐரீன்.

"எம்பத்தேழு வோல்ட்டுமே! தொடாத! இனிமே கடை மாவுதான்!"

ஐரீன் மீட்டரைப் பார்த்தாள். கிரைண்டரைப் பார்த்தாள். அவனைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கடை மாவு துன்னா வயிறு பேஜாராய்டும். இத்த நான் தொட்டா?"

"செத்துடுவ."

"நீ தொட்டா?"

"நானும்தான்."

"நீ எப்டிய்யா சாவ? ஹார்பர்ல குடுத்த கம்பூட்டு கீது. ரப்பர் கிளவுஸ் கீது. இப்ப மீட்டரும் கீது. இந்த லைன்லயே கரண்ட கண்ணால பாத்துகினு வேல செய்யற ஒரே ஆம்பள நீதான்."

கடைசி வாக்கியத்தில் சிலுவைமுத்து வழுக்கி விழுந்தான். முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்டை மாட்டிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாவு அரைத்தான்.

விஷயம் சுவர் தாண்டியது. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா வந்தாள்.

"அண்ணே, எங்க வூட்டு கிரைண்டரயும் ஒருவாட்டி பாருண்ணே."

அறுபத்து நாலு. எதிர்வீட்டு ஜஸீமாவின் கிரைண்டரில் தொண்ணூற்றொன்று. சிலுவைமுத்துவுக்கு வெறி பிடித்துவிட்டது. மின்கம்பி ஓரமாகக் கட்டியிருந்த துணிக் கொடியில் குச்சியை வைத்தான். இருபத்து மூன்று. அந்தக் கொடியில் கோவிந்தம்மா தொங்கவிட்டிருந்த வஞ்சிரக் கருவாட்டில் வைத்தான். பதினாலு.

"கருவாட்டுக்கு ஏதுண்ணே கரண்ட்டு?"

"செத்த மீனு எப்டி செத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் சிலுவைமுத்து, மிகவும் கவலையாக.

அன்றிலிருந்து அவன் அந்த லைனுக்கு 'இன்ஜினியர் அண்ணே' ஆனான். இன்ஜினியர் அண்ணனைத் தவிர வேறு யாரும் கிரைண்டரைத் தொடக்கூடாது என்று ஐரீன் எட்டு வீட்டிலும் சொல்லிவைத்தாள். கம்பூட்டோடு வீடு வீடாகப் போய், எட்டு வீட்டு மாவையும் அவன் அரைத்தான். நாலு சனிக்கிழமை. கம்பூட்டுக்குள் வியர்வை குளம் கட்டியது. கேரம் போர்டில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான் என்று தகவலும் வந்தது.

தாங்க முடியாமல், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, மோட்டார் காயில் கட்டுகிற நீலமேகத்தின் கடையில் ஏறினான். கதையைக் கேட்ட நீலமேகம் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"மாமு, கறுப்புக் குச்சிய எங்க வெச்ச?"

"எங்கயும் வெக்கல. தொங்கிகினு கீது."

"அத்த எர்த்துல வெச்சாதான் கணக்கு. சும்மா உட்டா டிஜிட்டல் மீட்டரு பக்கத்து ஒயர மோந்து பாத்தே ஒரு நம்பர் காட்டும். பேய் வோல்ட்டு மாமு அது. டவுட்டுன்னா பல்பு வெச்சிப் பாக்கணும். நெஜ கரண்ட்டுன்னா பல்பு எரியும். பேயின்னா மீட்டரும் பூச்சியத்துல குந்திக்கும்."

நீலமேகம் டீயை எடுத்தான்.

"இத்ததான் உங்க வூட்டம்மா அன்னிக்கே வந்து கேட்டாங்களே. நான்கூட நீ டூட்டிக்குப் போயிருந்தப்ப நேர்ல வந்து உங்க கிரைண்டர்ல பல்பு வெச்சிப் பாத்தேன். எர்த்தும் பாத்தேன். எல்லாம் ஒயுங்கா கீது."

"என்னிக்கு?"

"அது ஆச்சு நாலு வாரம்."

மறுநாள் காலை. ஐரீனைச் சமையலறை மூலைக்கு இழுத்துப் போனான்.

"உனுக்கு மொதல்லியே தெரியும்!"

"தெரியும்."

"நாலு வாரமா டபாய்ச்சிகினு கீற!"

"நீ ஆரம்பிச்ச. நான் முடிச்சேன்" என்றாள் ஐரீன். "இப்ப இன்னா? வெளிய போய்ச் சொல்லிடட்டா? ஷாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, இன்ஜினியரு கருவாட்டப் பாத்து மெர்சலாயிட்டாருன்னு?"

வாசலில் அரிசிக் குண்டானோடு பெண்கள் கூடியிருந்தார்கள். கோவிந்தம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பது உள்ளே வரை கேட்டது: "எங்க இன்ஜினியர் அண்ணே மட்டும் இல்லேன்னா இந்த லைன்ல எத்தினி உசுரு போயிருக்கும் தெரியுமா?"

சிலுவைமுத்து காதைத் தீட்டிக்கொண்டு அதை முழுசாகக் கேட்டான். அப்புறம் தொண்டையைக் கனைத்தான்.

"வாணாம்" என்றான். "சொல்லாத."

கம்பூட்டை மாட்டினான். கிளவுஸை இழுத்துவிட்டான். எல்லோரும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். சிவப்புக் குச்சியைக் கிரைண்டரில் வைத்து, மீட்டரை யாருக்கும் தெரியாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புருவத்தை நெரித்தான்.

"நூத்தி முப்பது! தள்ளி நில்லுங்க! எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

ஜஸீமா வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தம்மா குண்டானோடு வாசலுக்கே ஓடினாள்.

ஐரீன் மட்டும் பக்கத்தில் வந்து, அவன் காதோரம் குனிந்தாள்.

"மொதல்ல பிளக்க மாட்டுய்யா."