அண்ணன் பாலிஷ் போட்ட கப்பல்

உதவிக்கு வருகிறவர்களிடம் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதைவிட, எதைத் தொடக் கூடாது என்று சொல்வதுதான் முக்கியம். இதை நான் தெரிந்துகொண்ட விதத்தை வெளியில் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கப்பல் வடிவமைப்பில் ஆராய்ச்சி. நிஜக் கப்பலைக் கட்டும் முன் அதே வடிவில் ஒரு குட்டிக் கப்பல் செய்து, நீளமான தொட்டியில் இழுத்துப் பார்ப்போம். தண்ணீர் எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்று அளந்தால், பெரிய கப்பலுக்கு எவ்வளவு பலமான இன்ஜின் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். (வீட்டில் "கப்பல் ஓட்டிப் பாக்குறோம்" என்று சுருக்கமாகச் சொல்லிவைத்தேன். அம்மா தெருவில் என்னைக் கேப்டன் ஆக்கிவிட்டாள்.)

ஒரகடத்தில் கார்களுக்கு ஃபைபர் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் என் கப்பல் தயாரானது. ஆளைவிட நீளம், நல்ல மஞ்சள். சனிக்கிழமை அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, வல்லக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் இறக்கினேன். திங்கட்கிழமை சென்னையில், எங்கள் பல்கலைக்கழகத் தொட்டியில் சோதனை. அந்த ஒரு நாளை விட்டால் தொட்டி கிடைக்கப் பல மாதம் ஆகும். எங்கள் திட்டத்துக்குப் பணம் தரும் கப்பல் கட்டும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வருகிறார்கள். சொதப்பினால் திட்டமும் போச்சு, என் ஆராய்ச்சியும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "கப்பல கொஞ்சம் பாத்துக்கோண்ணா" என்று என் அண்ணன் சேகரிடம் சொன்னேன். அண்ணனுக்குக் கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் வேலை. பெயிண்டில் ஒரு தூசி தட்டுப்பட்டாலும் தேய்த்துப் பாலிஷ் போட்டு அனுப்புவதுதான் அவர் பிழைப்பு. அவரிடம் போய் "பாத்துக்கோ" என்றேன் பாருங்கள்!

திங்கட்கிழமை காலை அண்ணன் ஏற்றி அனுப்பிய கப்பல் வந்து இறங்கியபோது ஷோரூம் கார்போல மின்னியது. மேதாவி நான், அதில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டேன். வேறெதையும் பார்க்கவில்லை.

தண்டவாளத்தில் ஓடும் வண்டி கப்பலை இழுத்தது. தண்ணீரின் எதிர்ப்பு நான் கணக்குப் போட்டதைவிட ரொம்பக் குறைவு. மறுபடி இழுத்தோம். அதே எண். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சார், இதுக்குச் சின்ன இன்ஜினே போதும்! நாங்க எதிர்பார்த்ததைவிட எங்க டிசைன் பிரமாதமா வந்திருக்கு" என்று விருந்தினர்களிடம் அளந்தேன். (வாய்தான் 'எங்க' என்றது. மனசு 'என்' என்றது.) ஒருவர் அதைக் குறித்தும் கொண்டார்.

என் பேராசிரியர் மட்டும் தொட்டியோரம் போனார். குனிந்து, கப்பலின் மூக்கை விரலால் தடவினார்.

"மணல் எங்கப்பா?"

நானும் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. குட்டிக் கப்பலைச் சுற்றித் தண்ணீர் ரொம்பச் சாதுவாக வழுக்கிப் போய்விடும். பெரிய கப்பலைச் சுற்றிப் புரள்வதுபோல அதைக் கலக்கிவிடத்தான் மூக்கில் ஒரு பட்டையாக மணல் ஒட்டுவோம். அது இல்லாமல் வருகிற எண்ணெல்லாம் பொய்.

ஸ்பீக்கரில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, மூக்குல சொரசொரன்னு ஒரு பட்டை இருந்துச்சே?"

"அத்த ஏன்டா கேக்குற! எவனோ பெயிண்ட் காயறதுக்குள்ள மண்ணக் கொட்டிக்கீறான். எங்க லைன்ல இப்டி ஒரு பீஸ் வந்தா சூப்பர்வைசர் சட்டையப் புடிப்பான். ஓவர்டைம் பாக்குற மாதிரி குந்திகினு சுத்தமா தேச்சு எட்த்துட்டேன். சும்மா கண்ணாடி மாதிரி கீதுல்ல?"

குறித்துக்கொண்டவர் எழுதியதைச் சத்தமில்லாமல் அடித்தார்.

"அண்ணா... அது இருக்கணும்ணா."

"இன்னாடா சொல்ற? அய்யய்யோ! உன் படிப்பு இன்னாடா ஆவும்?"

மணல் எதற்கென்றும், தொட்டி இன்று மட்டும்தான் என்றும் சொன்னேன்.

"போன வை. தோ வரேன்."

சூப்பர்வைசரிடம் கெஞ்சி, பாதி ஷிஃப்டில் யூனிஃபார்மோடு பைக்கில் வந்து நின்றார். பையில் மாஸ்கிங் டேப், வழியில் படப்பை ஊரில் யாரிடமோ இரவல் வாங்கிய, சூடான காற்றடிக்கும் ஹீட் கன். அதுவரை பேராசிரியர் விருந்தினர்களைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழவே விடவில்லையாம். (பாயசம் இரண்டு தடவை.)

நான் கோடு போட, அண்ணன் டேப் ஒட்டினார். நான் பசை தடவி மணலைத் தூவ, அவர் காய வைத்தார். "தேச்சு எடுக்கறதுக்குத்தான்டா எனக்குச் சம்பளம். மண்ணு ஒட்னேன்னு தெரிஞ்சா கேட்டுக்குள்ளயே வுட மாட்டானுங்க" என்று புலம்பிக்கொண்டே வேலை செய்தார்.

மாலையில் மறுபடி இழுத்தோம். எதிர்ப்பு ஏறி, நான் முதலில் போட்ட கணக்கில் வந்து நின்றது. என் பிரமாதமான டிசைன், எல்லாக் கப்பலையும்போல ஒரு கப்பலானது.

"இப்ப நம்பலாம். மேல பண்ணுங்க" என்றார் விருந்தினர்களில் ஒருவர்.

"பாஸாடா?" என்று அண்ணன் கேட்டார். தலையாட்டினேன். அந்தத் தொட்டி அறையே அதிர அவர் கைதட்டினார். காலையில் நான் பெருமை அளந்ததைப் பேராசிரியர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த இரண்டு பேரும் இல்லாவிட்டால் என் பெயருக்கு முன்னால் டாக்டர் இல்லை.

பிறகு சுங்குவார்சத்திரத்தில் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனோம். "தம்பி இன்னா பண்றாரு?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"கப்பலுக்கு மண்ணு ஒட்றான் மாமா! அது இல்லன்னா ஒண்ணும் நடக்காது."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மணல் தொழில்ல நல்ல வருமானமாச்சே. லாரி எத்தினி ஓடுது?"

சம்பந்தம் அப்போதே முடிவாகிவிட்டது. இன்று அந்த வீட்டில் எனக்கு விருந்தென்றால் மாமா வாசலுக்கே வந்துவிடுவார். உண்மை தெரிந்த அண்ணி மட்டும் உள்ளே இருந்தபடி குரல் கொடுப்பார்:

"லாரி ஓனரே, தோசை ஆறுது!"