வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

செருப்புக்குள் மிட்டாய் போடும் சாமியார், செருப்பே இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வார்?

ரசத்துக்குப் புளி கரைத்தபடி நாகவல்லி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அம்பத்தூரில் அவள் புருஷன் கன்னியப்பன் வேலை பார்க்கும் கம்பெனிக்கு மிஷின் மாட்ட ஜெர்மனியிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். அவர் ஊரில் டிசம்பர் ஐந்தாம் தேதி சாயங்காலம் பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்களாம். நிக்கோலஸ் என்ற சாமியார் வந்து மிட்டாய் நிரப்புவாராம். இந்த வருஷம் சாமியாருக்குப் பதில் துரையே மூட்டையோடு இந்தத் தெருவுக்கு வருகிறார். நாளைக் காலை.

மகள் கெங்கா, அப்பாவின் ரப்பர் செருப்பைக் கழுவி வாசலில் வைத்தாள்.

“அதுல எங்கடி நிக்கும் மிட்டாயி? உருண்டு சாக்கடைக்குத்தான் போவும்.”

பக்கத்து வீட்டு ஜரினா தன் புருஷனின் ஷூவைக் கொடுத்தாள். முனையில் ஓட்டை. நாகவல்லி துணி திணித்தாள்.

“இன்னாக்கா, இப்ப ஒரு மிட்டாய்க்குத்தான் எடம் கீது,” என்றாள் ஜரினா.

நாகவல்லி துணியைப் பிடித்து இழுத்தாள். அடித்தோலும் கூடவே வந்தது.

ஜரினா அந்தத் தோலைக் கையில் வாங்கி, “நாளைக்கு சொந்தக்காரங்க நிக்காவுக்கு அவரு இதத்தான் போட்டுகினு போவணும்,” என்றாள்.

பொழுது சாய்கையில் நாகவல்லியின் அண்ணன் வேம்புலி சைக்கிளில் வந்தான். பங்களா வாட்ச்மேன். சாக்குப் பையிலிருந்து முழங்கால் உயர பூட்ஸ் ஒரு ஜோடி வந்தது.

“யாருதுண்ணே?”

“பாலிஷ் போடக் குடுத்தது. காலையில எடுத்துகினு போயிடுவேன். நீ வாய மூடிகினு இரு.”

ஒன்று கெங்காவுக்கு, ஒன்று ஜரினாவின் பிள்ளைகளுக்கு என்று நாகவல்லி மனசுக்குள் பங்கு போட்டாள். ஆனாலும் கூச்சமாக இருந்தது. தெருவில் வேறு எந்த வாசலிலும் இவ்வளவு பெரிய வாய் திறந்திருக்கவில்லை.

விடிந்தபோது ராத்திரி பெய்த மழை விட்டு, தெரு முழுக்கச் சேறு. எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. துரையைக் காணோம். வேம்புலிதான் மூச்சிரைக்க வந்தான்.

“பூட்ஸக் குடு நாகு.”

“மொதல்ல மிட்டாய் ரொம்பட்டும்ணே.”

“எங்கேந்து ரொம்பும்? தொரை மூட்டையக் கட்டி வச்சிகினு ஊட்டுலயே குந்திகினு கீறாரு. சேத்துல போட்டுகினு வர அவராண்ட இந்த பூட்ஸ் ஒண்ணுதான் கீது.”

நாகவல்லி பூட்ஸைப் பார்த்தாள். அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கெங்காவின் சேறு அப்பிய காலைப் பார்த்தாள். பூட்ஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“வெறுங்காலோட வரச் சொல்லுண்ணே,” என்றாள் மெதுவாக. “நாங்கல்லாம் அப்டித்தான நடக்கறோம்.”