அடுப்படியில் பிறந்த ஊற்று

சேசு மரி சூசை நம் கூரைக்குக் காவல்

ஏலாக்குறிச்சிக்கு வடக்கே, ஏரிக்கரை ஊர்
1945, ஐப்பசி மாதம், புதன்கிழமை

பச்சைமலையை மொட்டையடித்த மகாவீரரும், பெரம்பலூர்க் கரி பஸ்களுக்கெல்லாம் படியளக்கும் புண்ணியவானும், என் உடன்பிறந்த அக்காள் அற்புதம்மாளின் ஒரே புத்திரருமாகிய ஞானமுத்து மாப்பிள்ளையின் சமூகத்துக்கு, தாய்மாமன் அருளானந்தம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் பசுவும் கோழிகளும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும் உன் கரிமூட்டைகளின் சுகத்துக்கும் எழுதவும்.

இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். உன் அம்மா நம்பவில்லை, பங்குச் சாமியார் நம்பவில்லை, உன் அத்தையோ நான் வாயைத் திறக்குமுன்பே நம்பவில்லை. ஆகையால் பூசைக்குப் போகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு, பொய் சொல்ல வசதிப்படாதபடி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடத் தொடங்கினவே, அந்த அடுப்புகளுக்குக் கரி போட நீயும் உன் கூட்டாளிகளும் மலையில் மரம் வெட்டத் தொடங்கினீர்கள். அரியலூர் பஸ் ஒரு மேடு ஏறுவதற்குள் ஒரு தோப்பைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறது. மலையில் இப்போது ஒரு குருவி உட்கார வேண்டுமென்றால் இன்னொரு குருவியின் தலைமேல்தான் உட்கார வேண்டும். மூன்று வருஷமாக மழை இல்லாததால் அதன் பலன் தெரியவில்லை. போன வாரம் பெய்தது பார், அன்றைக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் மலையில் பெய்த மழை, மரத்தடியில் படுத்து எழுந்து, புல்லோடு பேசிக்கொண்டு, சாவகாசமாக மருதையாற்றில் இறங்கி நம் ஏரிக்கு வந்து சேரும். இந்தத் தடவை மேகம் தொண்டையைக் கனைத்ததுதான் தாமதம், வெள்ளம் இங்கே வந்து நின்றது. வெட்டிப்போட்ட வேர்க்கட்டைகள் வந்தன. பின்னால் ஒரு கட்டைவண்டி, மாடுகள் அசைபோட்டபடியே மிதந்து வந்தது. உங்கள் ஊரில் பாதி முகம் சவரம் செய்துகொண்டிருந்த ஒருவர் நாற்காலியோடு வந்து கரையேறி, மீதி முகத்தை நம் ஊர் நாவிதரிடம் முடித்துக்கொண்டு போனார். மலை மண் பாதி ஏரிக்குள் குடியேறிவிட்டது. அதனால் ஏரியில் ஆழம் இல்லை, உயரம்தான் இருக்கிறது. தண்ணீர் கரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலிங்கைத் திறந்து கொஞ்சம் வடித்துவிடலாம் என்று பெரியசாமியிடம் சொன்னேன். கரைக்குக் கீழே நஞ்சை வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் அவர்தானே தலைவர். "மூணு வருசங் கழிச்சு வந்த தண்ணி மாமா. ஒரு சொட்டு வெளிய போனா ஒங்கள புடிச்சு மடையில வெச்சு அடைச்சுருவோம்" என்றார். கலிங்கின் மேல் மண்மூட்டை வேறு அடுக்கியிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நாற்றங்காலைப் பார்த்தே வருஷக்கணக்கு ஆகிறது.

இனிதான் உன் அம்மா கதை. கரையடியில் இருக்கிற அந்த வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்புக்குப் பக்கத்தில் தரை வியர்த்தது. மத்தியானம் குமிழியிட்டது. சாயங்காலம் ஊற்றே புறப்பட்டுவிட்டது. மழைக்காக மூன்று வருஷம் செபமாலை சொன்னவள் அல்லவா, மாதாவே தன் அடுப்படியில் தண்ணீர் கொடுத்ததாக முடிவுகட்டிவிட்டாள். மெழுகுதிரி ஏற்றிவிட்டாள். முழங்கால் வலிக்காரர்களும் பிள்ளை வரம் கேட்கிறவர்களும் செம்போடு வந்து வாசலில் நிற்கிறார்கள். காத்தாயி இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, வந்த வழியே ஓடிப்போனாள், ஊன்றுகோலை இங்கேயே மறந்துவிட்டு. நேற்று அந்த ஊற்றிலிருந்து ஒரு கெண்டை மீன் துள்ளி நேராகக் குழம்புச் சட்டியில் விழுந்தது. புளி மட்டும்தான் நாங்கள் போட்டோம்.

நான் சும்மா இருப்பேனா? "அக்கா, இது ஊத்து இல்ல, ஏரி. கரை கசியுது. எந்திரிச்சு நம்ம வூட்டுக்கு வந்துரு" என்றேன்.

"ஏன்டா, ஏரியில முதலை வந்து எங்கிட்ட பொகையில கேட்டுச்சுன்னு சொன்னவன்தானே நீயி?"

"அது வெளையாட்டுக்கு அக்கா."

"இதுவும் அப்படித்தான். நான் போயிட்டா திரி யாருடா ஏத்துவா? போ, போயி ஒரு செம்பு புடிச்சுக் குடி. வாயாவது சுத்தமாகட்டும்."

சாமியாரிடம் ஓடினேன். "அருளானந்தம், போன பெருநாளைக்குத் தேர் தானா நகர்ந்துச்சுன்னு சொன்னதும் நீதானப்பா" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை, ஐம்பது வயது வரைக்கும் ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். இப்போது கையெடுத்துக் கும்பிட்டு அழுதாலும் கைதட்டுகிறார்கள்.

மாதா உன்னையும் உன் பெண்டாட்டி பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. மலையில் நிற்கிற மீதி மரத்தையாவது விட்டுவை. வேண்டாம், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு, உன் மேல் உயிரை வைத்திருக்கும் மாமன்,
அருளானந்தம்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. வண்டி வரவில்லை, பாதி முகம் வரவில்லை, கெண்டை மீன் நான் சந்தையில் வாங்கியது. காத்தாயி இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறாள். ஊற்று மட்டும் நிஜம். நேற்று வரை அது கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது, அதனால் நானும் பாதி விளையாட்டாகவே இருந்தேன். இன்று காலை உன் அம்மா கொடுத்த செம்பின் அடியில் செம்மண் படிந்திருந்தது. வீட்டுத் தரை கரிசல். செம்மண் இருப்பது கரையின் வயிற்றுக்குள் மட்டும்தான். உள்ளேயிருந்து கரைந்து வருகிறது, மாப்பிள்ளை. அவளோ துணியில் வடிகட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். தபாலை நம்பாமல் இதைக் கண்டக்டர் ராசாங்கம் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதே பஸ்ஸில் ஏறி வா. அவளை அந்த வீட்டை விட்டுக் கிளப்ப, உனக்குக் கடுமையான காய்ச்சல், மருமகள் ஒற்றை ஆளாய்த் தவிக்கிறாள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அவன் வந்து சொல்லட்டும்" என்கிறாள். நீ பிறந்ததிலிருந்து அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. வாசலில் நின்று, கொஞ்சம் நடுங்கி, ஒரே ஒரு பொய் சொல். உன்னை நம்புவாள்.