எண்பத்து நான்காம் தப்பறை

கத்தோலிக்க ஆயர் ஒருவரின் ஆளுகையில் இருந்த மறைமாவட்டத்தின் தலைமை அலுவலகத்தில் பதினோரு பிரிவுகள் இருந்தன. ஞானஸ்நானத்துக்குத் திருமுழுக்குப் பிரிவு, திருமணப் பிரிவு, கல்லறைப் பிரிவு, கட்டடப் பிரிவு என்று பத்துப் பிரிவுகளுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. பதினோராவது பிரிவுக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை இருந்தது, ஓர் இரும்பு பீரோ இருந்தது, ஓர் எழுத்தர் இருந்தார். வேலைதான் இல்லை. கதவில் 'தப்பறைத் தடுப்புப் பிரிவு' என்று பலகை தொங்கியது.

திருச்சபை போதிப்பதற்கு மாறாக ஒருவர் நம்பி, அதை நாலு பேரிடம் சொல்லி, திருத்தியும் திருந்தாமல் நின்றால் அதற்குப் பெயர் தப்பறை. இரண்டாயிரம் வருடங்களில் சேர்ந்த எண்பத்து மூன்று தப்பறைகளும் பீரோவில் இருந்த ஒரே ஒரு தடித்த பதிவேட்டில் வரிசை எண்ணோடு பதிவாகியிருந்தன. இயேசுவுக்கு உடம்பே கிடையாது, பார்ப்பவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது, அவ்வளவுதான் என்றவர்கள் இரண்டாம் எண். கடவுள் அவரைப் பிற்பாடு பிள்ளையாகச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார் என்றவர்கள் ஐந்தாம் எண். மகன் தந்தையால் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்று பாட்டே கட்டிப் பரப்பிய நாலாம் நூற்றாண்டுக் குருவும் அவருடைய ஆட்களும் ஒன்பதாம் எண். அரசின் துன்புறுத்தலுக்குப் பயந்து விசுவாசத்திலிருந்து பின்வாங்கிய குருக்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்றவர்கள் பன்னிரண்டாம் எண்.

பதிவேட்டில் இடது பக்கம் தப்பறை, வலது பக்கம் அதற்கு எதிரான சரியான போதனை. இரண்டும் ஒரே கறுப்பு மையில், ஒரே அழகான கையெழுத்தில் இருக்கும். தெரியாத்தனமாக யாரும் இடது பக்கத்தை நம்பிவிடக் கூடாதே என்று அதன் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கடைசிக் கோடு போட்டு நூற்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

எழுத்தருக்கு இந்த எண்பத்து மூன்று பேர் மீதும் உள்ளூர ஒரு பிரியம். தப்பாகத்தான் யோசித்தார்கள், ஆனாலும் உட்கார்ந்து யோசித்தார்களே என்பார். அவர் அறைக்கு யாரும் வருவதில்லை. தினம் ஒரு பக்கம் படிப்பார், பூச்சி அரிக்கிறதா என்று பார்ப்பார், ஐந்து மணிக்குப் பீரோவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் புதிய செயலர் வந்து சேர்ந்தார். இளம் குரு. வெளிநாட்டில் ஆறு மாதம் நிர்வாகவியல் படித்துவிட்டு வந்திருந்தார். அவர் வாயில் ஜெபத்தைவிட 'இலக்கு' என்ற சொல் அதிகம் வந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார். திருமுழுக்குப் பிரிவுக்கு நீலத் தூண், திருமணப் பிரிவுக்கு மஞ்சள் தூண். தப்பறைப் பிரிவின் வரைபடத்தில் தூணே இல்லை, தரைதான் இருந்தது.

செயலர் எழுத்தரைக் கூப்பிட்டு மிகவும் அன்பாகப் பேசினார். காலாண்டு முடிவதற்குள் ஒரு தப்பறையாவது பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் பிரிவைக் கல்லறைப் பிரிவோடு இணைத்து எழுத்தரை அங்கே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். தப்பறை இல்லாமல் இருப்பது நல்லதுதானே ஃபாதர் என்று எழுத்தர் கேட்டார். நல்லதுதான், ஆனால் நல்லதை அளக்க முடியாதே என்றார் செயலர்.

எழுத்தர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். கல்லறைக்கு அவர் பயப்படவில்லை. கல்லறைப் பிரிவின் தலைவர் அவருடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். விசேஷத்துக்கு விசேஷம் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எங்க மாப்ளையும் நானும் செத்தவங்களை வச்சுத்தான் பொழைக்கிறோம். எனக்காவது புதுசு புதுசா வருது," என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். பத்தொன்பது வருடங்களாக அதே வார்த்தை, அதே சிரிப்பு. அந்த மனிதரிடம் கையைக் கட்டிக்கொண்டு லீவு கேட்பதைவிட எழுத்தர் வேறு எந்த அவமானத்தையும் தாங்கிக்கொள்வார்.

ஆகவே அவர் தப்பறைக்காரர் ஒருவரைத் தேடிப் புறப்பட்டார்.

முதலில் தையல்காரரிடம் போனார். மகன் தந்தைக்குச் சமமானவரா, குறைந்தவரா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். தையல்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, கோயிலில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். கோயிலில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் நீங்கள் படித்தவர்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஊசியைக் கவ்விக்கொண்டார். மருந்துக் கடைக்காரர், எந்த எண்ணுக்கு ஆள் வேண்டும் என்று சொன்னால் அதற்கே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார், பழகின மனிதருக்கு இதுகூடவா செய்யக் கூடாது என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும் அருள் பற்றி முக்கால் மணி நேரம் ஆவேசமாகப் பேசினார். எழுத்தர் நம்பிக்கையோடு குறிப்பெடுத்தார். கடைசியில் அருள் என்பது அவருடைய மருமகன் பெயர் என்று தெரிந்தது.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. தப்பறைக்காரர் ஆவதற்கு முதலில் ஏதாவது ஒன்றை நம்பித் தொலைக்க வேண்டும் என்பதை எழுத்தர் அப்போதுதான் கண்டுகொண்டார்.

ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் ஓர் அவித்த முட்டை இருந்தது. எழுத்தர் கையை நீட்டினார். அவர் மனைவி தட்டிவிட்டார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர் அவர்தான். முட்டை பாடத்துக்காம்.

"ஓடு, வெள்ளை, மஞ்சள். மூணும் சேர்ந்து ஒரே முட்டை. தந்தை, மகன், தூய ஆவின்னு இருக்கற மூவொரு கடவுளுக்கு இதைவிட லேசா எப்படிச் சொல்றது?" என்றார்.

எழுத்தர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடவுளை மூன்று துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு பங்கு என்பது இருபத்தாறாம் எண். பதிவேட்டை மனப்பாடமாக வைத்திருந்த அவருக்கு இது ஒரு நொடியில் உறைத்தது. தயங்கித் தயங்கி மனைவியிடம் சொன்னார்.

மனைவி அசரவில்லை. முட்டை வேண்டாமென்றால் தண்ணீர் என்றார். அதுவே பனிக்கட்டி, அதுவே நீராவி. அது ஏழாம் எண், ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்று ஆகிவிடும் என்றார் எழுத்தர். அப்படியானால் சூரியன், அதன் ஒளி, அதன் வெப்பம். அது ஒன்பதாம் எண், சூரியன் உண்டாக்கியதுதானே வெப்பம் என்று கேட்பார்கள். ஒரே ஆள் அப்பா, புருஷன், அலுவலகத்தில் எழுத்தர். மறுபடியும் ஏழு.

"அப்ப நீங்களே சொல்லுங்க, எப்படித்தான் சொல்றது?"

எழுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நான்காவது வாக்கியத்தில் தானே பதினோராம் எண்ணில் விழுந்ததைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். மனைவி முட்டையை உரித்து உப்புத் தூவி அவர் தட்டில் வைத்தார். பிறகு, அந்தப் பதிவேட்டின் வலது பக்கங்களையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து கொடுங்கள், நானே படித்துப் பார்க்கிறேன் என்றார். அடுத்த மூன்று வாரம் அந்த அம்மாள் பாத்திரம் காயும் நேரத்தில்கூட அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

முட்டை எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில் பங்குத்தந்தையிடமிருந்து வந்தது தெரிந்தது. அவர் அதைக் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் பேராசிரியரிடம் கற்றிருந்தார். மறைமாவட்டத்தின் முப்பத்தொரு கோயில் பங்குகளில் பதினெட்டில் முட்டை, ஒன்பதில் தண்ணீர், நான்கில் சூரியன். ஆயரின் சென்ற வருடச் சுற்றுமடலிலும் சூரியன்தான். எழுத்தர் அத்தனையையும் எண் வாரியாகப் பட்டியலிட்டு, உச்சி குளிர்ந்துபோய், செயலரின் மேஜைமேல் வைத்தார்.

செயலர் பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்.

ஆயரைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்றார் அவர். ஆனால் இதில் ஒரு நிர்வாகப் பாடம் இருப்பதாகவும் சொன்னார். விளக்கினால்தானே தப்பு வருகிறது, ஆகவே இனி யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. பதிவேட்டிலிருந்து ஒரு வலது பக்கத்தைப் பிரதி எடுத்து, 'விசுவாச உறுதிமொழிப் படிவம்' என்று தலைப்பிட்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டியது. கையெழுத்துப் போட மறுப்பவர் தப்பறைக்காரர். இலக்கும் எட்டிவிடும், பிரிவும் பிழைக்கும்.

எழுத்தருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை ஆயிரம் பேரில் ஒருவராவது மறுக்காமலா இருப்பார்? அவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் ஒன்பதாம் எண்ணை விரித்துக் கவிழ்த்தார். புத்தகத்தைக் கவிழ்த்தால் இடம் வலமாக மாறும் என்பதைச் சந்தோஷத்தில் அவர் யோசிக்கவில்லை. நரைத்துப் போயிருந்த சிவப்புக் கோடு அந்த இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியவுமில்லை. கறுப்பு எழுத்து மட்டும் பளிச்சென்று விழுந்தது.

படிவங்கள் முப்பத்தொரு பங்குகளுக்கும் போயின. ஞாயிறு திருப்பலிப் பூசை முடிந்து வெளியே வரும் வாசலில் மேஜை போட்டுப் பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று போட்டார்கள். குருக்கள் போட்டார்கள், மடத்துக் கன்னியர்கள் போட்டார்கள், குருமடப் பேராசிரியர் போட்டார். செருப்பைத் தேடிக்கொண்டே ஒருவர் போட்டார். ஆயர் புகைப்படக்காரர் முன்னிலையில் தங்கப் பேனாவால் போட்டார். ஒரு மாதத்துக்குள் இருபத்தோராயிரத்து நானூற்றுப் பதினாறு படிவங்கள் சாக்குச் சாக்காக மாடிப்படிக்குக் கீழே வந்து இறங்கின. எழுத்தர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றில்கூடக் கையெழுத்து விடுபடவில்லை. மச்சான் பெரிதாகப் போட்டு, கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருந்தார்.

காலாண்டின் கடைசி நாளுக்கு முந்தின நாள் எழுத்தர் தளர்ந்துபோய் வீட்டுக்கு வந்தார். மேஜைமேல் ஒரு படிவம் கையெழுத்தில்லாமல் இருந்தது.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது ஒன்பதாம் நம்பர்," என்றார் மனைவி.

எழுத்தர் முதல்முறையாகப் படிவத்தைப் படித்தார். மகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்றும், அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்றும் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. அந்த நாலாம் நூற்றாண்டுக் குரு பாட்டெழுதி, சண்டை போட்டு, நாடுகடத்தப்பட்டு, உயிரைக் கொடுத்தும் சேர்க்க முடியாத கூட்டத்தைத் தான் ஒரே மாதத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது.

காலையில் முதல் வேலையாகச் செயலரிடம் ஓடினார். செயலர் படிவத்தை வாங்கிப் படித்தார். நெற்றி லேசாகச் சுருங்கி, உடனே சமமாயிற்று.

"இதை எத்தனை பேர் கவனிச்சிருக்காங்க?"

"ஒருத்தர்தான் ஃபாதர். என் மனைவி."

"அப்ப பிரச்சினை ஒருத்தர்தான்."

"ஆனா ஃபாதர், அவ சொல்றதுதான் சரி."

சரியா தவறா என்பதல்ல இப்போது கேள்வி என்று செயலர் விளக்கினார். மறைமாவட்டம் முழுவதையும் ஆயரோடு சேர்த்துத் தப்பறைப் பதிவேட்டில் ஏற்றினால் ஞாயிற்றுக்கிழமை பூசை வைக்க ஆள் யார்? மேலும் நூற்றுக்கு நூறு ஒத்துழைப்பு என்று மேலிடத்துக்கு அறிக்கை போயாகிவிட்டது. கையெழுத்துப் போட மறுத்தவர் ஒருவர் இருக்கிறார், விதி தெளிவாக இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்தால் பிரிவு நிற்கும், இல்லாவிட்டால் நாளை காலை கல்லறைப் பிரிவில் எழுத்தரை எதிர்பார்ப்பார்கள்.

மத்தியானம் எழுத்தர் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளைத் தன் நாற்காலிக்காகக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. எப்படியோ சொல்லி முடித்தார்.

மனைவி பதிவேட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எங்க அண்ணன்கிட்ட நீங்க போய் நிக்கறதை என்னாலயும் பார்க்க முடியாது. எழுதுங்க. ஆனா பொய் எழுதக் கூடாது. நான் என்ன பண்ணேனோ அதை மட்டும் எழுதுங்க."

எந்த எண்ணில் எழுதுவது என்ற சிக்கல் வந்தது. ஒன்பதை மறுத்தவரை ஒன்பதில் எழுத முடியாது. மற்ற எண்பத்திரண்டும் பொருந்தவில்லை. எழுத்தர் புதிய பக்கத்தைத் திருப்பி, எண்பத்து நான்கு என்று எண்ணிட்டார். இடது பக்கத்தில், 'கையெழுத்திடும் முன் படித்துப் பார்த்தல்' என்று எழுதி, குறுக்கே புதுச் சிவப்பு மையில் கோடு போட்டார். வலது பக்கம் காலியாக இருக்கக் கூடாது. சரியான போதனை என்ன என்று யோசித்துப் பார்த்து, 'படிக்காமல் கையெழுத்திடுக' என்று எழுதினார்.

பதிவு ஏழு மேஜைகளைத் தாண்டி ஆயர்வரை போய், ஏழு கையெழுத்துகளோடு ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தது. தப்பறைப் பிரிவின் வரைபடத்தில் சிவப்பாக ஒரு தூண் எழுந்தது. தப்பறையில் விழுந்தவர் மறைக்கல்வி கற்பிக்கத் தகுதியற்றவர் என்று மனைவிக்கு ஆணை வந்தது. மாற்று ஏற்பாடு செய்யப்படும்வரை அவரே தொடர்ந்து கற்பிக்க வேண்டும் என்று அதே ஆணையின் பின்பக்கத்தில் இருந்தது.

நூற்று நான்கு வருடங்களுக்குப் பிறகு வந்த தப்பறையாதலால் அதைக் கண்டித்து ஒரு சுற்றறிக்கை எல்லாப் பங்குகளுக்கும் போயிற்று. கீழே கிழித்து அனுப்ப வேண்டிய ஒப்புதல் சீட்டும் இருந்தது. இருபத்தோராயிரத்து நானூற்றுப் பதினாறு பேரும் ஒரே வாரத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்கள். எண்பத்து நான்காம் தப்பறையில் விழுந்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை என்று எழுத்தர் சரிபார்த்துச் சான்றளித்தார். சான்றளித்த பிறகுதான் அடுத்த காலாண்டு தொடங்கிவிட்டது நினைவுக்கு வந்து அவருக்கு வியர்த்தது.

ஆகவே, இந்தக் கதையை முதல் வரியிலிருந்து இதுவரை படித்தவர்கள் தங்கள் பெயர், முகவரி இரண்டையும் தெளிவாக எழுதி மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைக்கு அனுப்பி வைத்தால் எழுத்தர் நன்றியுள்ளவராக இருப்பார். அவருக்கு ஒரே ஓர் ஆள் போதும்.