கேப்டனை யாரும் முந்தக் கூடாது

வேலூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான் சாமுவேலுக்கு,

தேவானந்தம் எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் அக்கா ஜெயபுஷ்பம் ரொம்பவே சுகம், அதற்குக் காரணம் கீழே வருகிறது. அங்கே நீயும் ஃபீபியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறோம்.

விஷயம் இதுதான். நான் ரிட்டயர் ஆனபோது நீ ஆசையாக வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிளை வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. சனிக்கிழமை காலையில் நாங்கள் கிழவர்கள் கூட்டமாகச் சைக்கிளில் போவதும், என்னைக் கேப்டன் ஆக்கியதும் உனக்குத் தெரியும், போனில் நானே பீற்றிக்கொண்டிருக்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி மேனேஜராக இருந்த ஹபீப் பாய்தான் என் பெயரைச் சொன்னார், நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன எலியாஸ் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். கேப்டனை யாரும் முந்தக் கூடாது என்று அன்றே ஒரு சட்டமும் போட்டார்கள். அப்படியே நடந்தார்கள் மச்சான். அமிர்தி மேட்டில் நான் இறங்கித் தள்ளினால் அத்தனை பேரும் இறங்கித் தள்ளுவார்கள். ஆஸ்பத்திரி ஆபீசில் நான் சூப்பரின்டெண்டாக இருந்தபோது ஃபேனை நிறுத்தச் சொன்னால்கூட ஒருவனும் கேட்டதில்லை, இங்கே இத்தனை கட்டுப்பாடா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று கணியம்பாடியில் ஒரு ஞானஸ்நானம். சைக்கிள் கூட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் உன் அக்காவும் டவுன் பஸ்ஸில் போனோம். ஜன்னல் பக்கம் சர்ரென்று ஒருவர் போனார். ஹபீப் பாய், என்னைவிட மூத்தவர். பின்னாலேயே எலியாஸ், அவர் பின்னால் மிச்சப் பேர், குனிந்த முதுகும் பறக்கிற சட்டையுமாக எங்கள் பஸ்ஸையே தாண்டிப் போய்விட்டார்கள். கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்தார். உன் அக்கா சர்ச் வரைக்கும் சிரித்தாள், சர்ச்சுக்குள்ளும் சிரித்தாள். "நீங்க கேப்டன் இல்லீங்க, பிரேக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களில் மெதுவாகப் போகிறவன் நான்தான். என்னைப் பின்னால் விட்டுவிட்டுப் போக மனசு வராமல் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். சாயங்காலமே ஹபீப் பாய் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் மனைவி தில்ஷாத் கொண்டுவந்த டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆமா சார், அதுக்குத்தான். ஆனா இன்னிக்கு நீங்க இல்லாம ஆளுக்கொரு வேகத்துல போய்ட்டோம். டீக்கடைல உக்காந்தா பேச்சே வர்ல. ஒரே பேஜாரா இருந்துச்சு" என்றார். தங்கமான மனுஷன்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, டீ சூடு என்று சமாளித்தேன். ஆனாலும் இரக்கப்பட்டுக் கொடுத்த பதவி எனக்கு வேண்டாம் மச்சான். அடுத்த சனிக்கிழமை ராஜினாமா. இனி யார் முகத்திலும் விழிக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஃபீபிக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
முன்னாள் கேப்டன்
தேவானந்தம்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. ராஜினாமாவைச் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். சர்தார் பாஷா என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார், போன வருஷம் இருதய ஆபரேஷன் ஆனவர். முதல் பாலம் வருவதற்குள்ளேயே பின்தங்கிவிட்டு, "நீங்கல்லாம் போங்க, நான் மெல்ல வர்றேன்" என்று சிரித்தார். மனசு கேட்கவில்லை. அங்கேயே வண்டியை நிறுத்தி அவரைத் துணைக் கேப்டன் ஆக்கினேன். துணைக் கேப்டனைக் கேப்டனும் முந்தக் கூடாது என்று சட்டமும் போட்டாயிற்று. ஆகவே நீ சைக்கிளை எடுக்க வராதே. ஒரே கஷ்டம், அவர் பின்னால் அவ்வளவு மெதுவாக ஓட்டினால் எனக்கு பேலன்ஸ் நிற்கமாட்டேன் என்கிறது.