புரட்டாசி வைத்தியம்

வாளிக்குள் கிடந்த கட்லா மீனின் வயிற்றில் எட்டணா அகலத்துக்குச் சிவந்த புண். கொளஞ்சியப்பன் அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கமும் புண்தான்.

"நாலு மீனுதானே" என்றாள் மனைவி அம்சவள்ளி. "இதுக்கு ஏன் எழவு வூடு மாதிரி குந்திக்கினு இருக்கீங்க?"

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். நன்றாக விளைந்துகொண்டிருந்த கரும்புக் கொல்லையை அழித்துக் குளம் வெட்டியவர் அவர்தானே. "மீனு பொழைக்கலன்னா என் கையாலயே குளத்தை மூடிட்டு மறுபடி கரும்பு நடறேன்" என்று டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் மாமனாரிடம் வாயை விட்டிருந்தார். அன்று முதல் மாமனார் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு வைத்திருப்பதாகக் கேள்வி.

போதாக்குறைக்கு அது எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த நேரம். இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் தொடங்கியிருந்தது. கச்சிராயபாளையம் சாலையில், ஓடைப் பாலத்தருகே ஒரு புளியமரத்தைக் குறுக்கே சாய்த்துவிட்டு, உள்ளூர்ச் செல்லமுத்துவும் கூட்டாளிகளும் பாலத்திலேயே குடியிருந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கட்டுப்பாடு. பக்கத்துத் தோப்பில் ஒரு இளநீரைக்கூட அவர்கள் தொடவில்லை. கொளஞ்சியப்பனே அதை நாலு பேரிடம் மெச்சிப் பேசியிருக்கிறார்.

சொல்லியனுப்பியதும் மீன்துறை ஆய்வாளர் நடந்தே வந்துவிட்டார். ஆனால் மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"தாண்டி வாங்க சார். குளம் கூப்புடு தூரந்தான்."

"தாண்டுனா இவங்களுக்குக் கோவம் வரும். உத்தரவு இல்லாம தாண்டுனா ஆபீசுல கோவம் வரும். வாளியைக் காட்டுங்க."

செல்லமுத்துவே வாளியை வாங்கி மரத்துக்கு மேலாக நீட்டினான். ஆய்வாளர் எட்டிப் பார்த்தார்.

"பாக்டீரியா. ஒண்ணுலர்ந்து ஒண்ணுக்கு ஒட்டும். சுண்ணாம்பு போடுங்க, பெர்மாங்கனேட்டைக் கரைச்சி ஊத்துங்க. ஆனா முக்கியம் இதுதான். புண்ணு வந்த மீனை தெனம் அரிச்செடுத்து, குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி பொதைச்சிடணும். குளத்துல ஒண்ணுகூட இருக்கக்கூடாது."

சுண்ணாம்பு போட்டார். பெர்மாங்கனேட் ஊற்றினார். குழியும் வெட்டினார். உள்ளே போடப் போகும்போது மீன் வாயைத் திறந்து மூடியது.

"புரட்டாசியில நாம மீனே தின்ன மாட்டோம். இதுல உசுரோட பொதைக்கப் போறீங்களா?" என்றாள் அம்சவள்ளி. "சாமி கண்ணைக் குத்திடும்."

அவருக்கும் மனசு வரவில்லை. நாலையும் குளத்தோரம் ஓடும் ஓடையில் விட்டார். நோயும் தொலைந்தது, பாவமும் இல்லை.

மறுநாள் வலை வீசினால் ஒன்பது. ஓடையில் விட்டுவிட்டுச் சுண்ணாம்பை இரட்டிப்பாக்கினார். அடுத்த நாள் பதினேழு. வெறுத்துப்போய் பெர்மாங்கனேட்டை அள்ளிக் கொட்டினார். குளம் நாவல்பழச் சாறாக மாறியது. நல்ல மீன்கள்கூட மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. பயந்துபோய் எஞ்சினை வைத்து நாளெல்லாம் ஓடைத் தண்ணீரை இறைத்து விட்டார்.

"வாலு கிழிஞ்ச இந்த மீனை நேத்தே வுட்டோம்ல?" என்றாள் அம்சவள்ளி.

"கட்லான்னா எல்லாம் ஒரே ஜாடைதான்."

"வாலும் ஒரே மாதிரியா கிழியும்?"

"நோவுன்னா அப்டித்தான். நீ போய் சோத்தைப் போடு."

ஐந்தாம் நாள் ஆய்வாளருக்குச் சொல்லியனுப்பிவிட்டு மறுபடி மரத்தருகே ஓடினார். தவிட்டில் கலந்து போட ஆய்வாளர் மாத்திரை கொடுத்தார்.

"புண்ணு மீனை எடுத்துடறீங்களா?"

"தெனம் காலையில அப்புறப்படுத்திடறேன் சார்." பொய் இல்லை. புதைப்பதாக அவர் எங்கே சொன்னார்?

"அப்பறம் ஏன் ஜாஸ்தியாவுது?" ஆய்வாளர் தலையைச் சொறிந்தார். "புஸ்தகத்துல இப்டி இல்லியே."

ஏழாம் நாள் நாற்பது. அத்தனையையும் ஓடையில் விட்டுவிட்டு, மத்தியானம் சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டு வந்தால், கரையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். மடியில் மண்வெட்டி.

"எந்தப் பக்கத்துலர்ந்து மூடலாம் மாப்ள?"

கொளஞ்சியப்பன் குளத்தைப் பார்த்தார். ஆறு மாதம் பிள்ளை போல வளர்த்த மீன்கள். கொடுத்த வாக்கு வாக்குதான். மண்வெட்டியை வாங்கிக் கரையில் முதல் கொத்துப் போட்டார். அப்போது செல்லமுத்து தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே வந்தான். வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது.

"மறியல் முடிஞ்சிதுண்ண. மரத்தை எடுத்துட்டாங்க" என்றான். "நாளையிலர்ந்து பாலத்தாண்ட நாங்க இருக்க மாட்டோம், அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஓடைப்பக்கம் உங்க கரையில எங்கியோ ஓட்டை இருக்குது, மொதல்ல அதை அடைச்சிடுங்க."

"ஓட்டையா? இன்னா ஓட்டை?"

"உங்க மீனுங்க தெனம் தப்பிச்சி பாலத்துக்கு வந்துக்கினு இருந்துச்சிங்க. அடுத்தவங்க பொருளாச்சே, அதுவும் புரட்டாசி. சொன்னா பேர் வாங்கறதுக்காகச் செஞ்ச மாதிரி ஆயிடும்னு, நீங்க சாப்புடப் போற நேரமா பாத்து, இன்னிக்கி வந்த நாப்பது வரைக்கும் ஒண்ணுவுடாம புடிச்சாந்து உங்க குளத்துலயே வுட்டுட்டோம்."