பொந்துக்குள் இருந்தவர் நம்ம பக்கம்தான்

ஒரு காட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால் அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை.

காட்டுப்பன்றி கொம்பையா யாருடைய கிழங்கைத் தோண்டித் தின்றார் என்று குரங்குகளுக்குத் தெரியும். குரங்குகள் எந்தக் கிளையில் எதை ஒளித்துவைக்கும் என்று நரியாருக்குத் தெரியும். நரியாரைப் பற்றித் தெரியாதவர் யாருமே இல்லை. இவ்வளவும் தெரிந்துவிட்ட பிறகு, ஒருவரிடம் ஒரு பொருளை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

இருந்தாலும் கோடைக்கு வேண்டியதை எங்கேயாவது வைத்துத்தானே ஆகவேண்டும். அதற்காகப் பாறைக்குகையில் ஒரு பொதுக் களஞ்சியம் இருந்தது. ஆமையண்ணன் அதன் பொறுப்பாளர். வைத்ததை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுப்பதற்குள் உயிரை எடுத்துவிடுவார்.

“பேரு?”

“அஞ்சலை. சருகுமான்.”

“சருகுமான்னு என்ன ஆதாரம்?”

“அண்ணே, பாத்தாலே தெரியுதே.”

“எனக்குத் தெரியுதும்மா. களஞ்சியத்துக்குத் தெரியணும்ல? நாலு காலு ரேகையும் வச்சு, நீ நீதான்னு ரெண்டு பேருகிட்ட எழுதி வாங்கிட்டு வா. நான் சாப்பிடப் போறேன்.”

ஆமையண்ணன் சாப்பிடப் போனால் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். அவருடைய நடை அப்படி.

அஞ்சலைக்குத் துணை யாருமில்லை. கணவனைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. இருப்பது ஒரு குட்டி. மார்கழியிலிருந்து மரத்துக்கு மரம் அலைந்து நெல்லிக்காய் பொறுக்கி, காயவைத்துச் சேர்த்திருந்தாள். வைகாசியில் குளம் வற்றிப் புல் கருகும்போது அந்த வற்றல்தான் இருவருக்கும் சாப்பாடு. அது இல்லையென்றால் குட்டி இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அதனால் அவள் ஆமையிடம் திட்டு வாங்கிக்கொண்டே வற்றலைக் களஞ்சியத்தில் வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மலையடிவார ஆலமரத்துப் பொந்தில் ஒரு குரல் வந்து குடியேறியது.

வந்தது குரல் மட்டும்தான். உடம்பை யாரும் பார்க்கவில்லை.

“அன்பார்ந்த காட்டுவாசிகளே! உங்கள் பொருளைப் பொந்துக்குள் போடுங்கள். பதிலுக்கு மின்மினி தருகிறோம். வருங்காலத்தில் மின்மினிதான் செலாவணி. கிழங்கு அழுகும், காய் சுருங்கும். மின்மினி ஏறிக்கொண்டே போகும்” என்றது குரல்.

தருகிறோம் என்று சொன்னாலும் கையில் தருவதில்லை. பொந்தின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருட்டில் எங்கோ ஒன்று மினுக்கும். அது உங்களுடையது.

“பக்கத்துல இன்னொண்ணு மினுக்குதே?” என்று ஒரு குரங்கு கேட்டது.

“அதுவும் உங்களுடையதுதான். நேற்றைக்கு இன்று வளர்ந்திருக்கிறது.”

கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால் அது மூன்றாக மினுக்கும் என்றும் குரல் சொன்னது.

காட்டில் புதிதாக யார் வந்தாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். “நீங்க எந்தப் பக்கம்?” அதற்குப் பதில் வந்துவிட்டால் போதும். என்ன இனம், யாருக்கு யார் உறவு, பக்கத்தில் உட்கார்ந்து தின்னலாமா கூடாதா, எல்லாம் விளங்கிவிடும். கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“ஐயா, நீங்க எந்தப் பக்கம்?”

“உங்க பக்கம்தான்” என்றது குரல்.

கொம்பையாவுக்குப் பிடரிமயிர் சிலிர்த்துவிட்டது. மற்றப் பன்றிகளிடம் ஓடிப்போய்க் கிசுகிசுத்தார். “நம்மாளுய்யா! குரல்லயே ஒரு உறுமல் இருக்கு, கவனிச்சீங்களா?”

குரங்குகளும் போய்க் கேட்டன. உங்க பக்கம்தான். “மரத்துலதானே குடியிருக்காரு, பன்னி எங்கயாவது மரத்துல இருக்குமா?” என்று குரங்குகள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டன. கடைசியாக நரியார் போய்க் கேட்டுவிட்டு, சேர்த்துவைத்திருந்த காய்ந்த நண்டையெல்லாம் உள்ளே தள்ளினார்.

“என்ன நரியாரே, நீங்களுமா?” என்று மைனா கேட்டது.

“நம்ம இனம்தாண்டி அது. ஏமாத்துனாலும் நம்மள விட்டுட்டு மத்தவங்களத்தான் ஏமாத்தும்.”

அவ்வளவுதான். நரியே போட்டிருக்கிறது, நரியை யாராவது ஏமாற்ற முடியுமா என்று மிச்சமிருந்தவர்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அஞ்சலையும் களஞ்சியத்திலிருந்து வற்றலை மீட்டுக்கொண்டு வந்தாள். மூட்டையை இறக்கவில்லை. “ஐயா, தப்பா நினைக்காதீங்க. ஒரு தடவை மொகத்தைக் காட்டினீங்கன்னா மனசுக்குத் தைரியமா இருக்கும்” என்றாள்.

கூட்டம் அவளை முறைத்தது. குரல் கோபப்படவில்லை. “சகோதரி, முகத்தைப் பார்த்து நம்புவது பழைய முறை. முகம் இருந்தால் பாரபட்சம் இருக்கும். எங்களிடம் முகமே இல்லை. ஆகவே பாரபட்சமும் இல்லை.”

“அடடா!” என்றார் கொம்பையா. “ஏம்மா அஞ்சலை, ஆமை மொகத்தைப் பொறந்ததுலருந்து பாக்குறோம். என்னத்தக் கண்டோம்?”

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவளும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

“நீங்க எந்தப் பக்கம்?”

“உங்க பக்கம்தான்.”

அந்தக் காட்டில் சருகுமான்கள் என்று இருந்தது அவளும் குட்டியும்தான். அவள் பக்கம் என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒரு ஈ காக்கை வந்ததில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூட்டையை உள்ளே தள்ளினாள். எங்கோ ஒன்று மினுக்கியது.

பங்குனி முடிந்தது. குளத்தில் சேறு தெரிந்தது. புல் மஞ்சளாகி, குட்டியின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அஞ்சலை பொந்துக்குப் போனாள்.

“ஐயா, என் வற்றலைக் குடுத்துடுங்க. கொஞ்சமாவது குடுங்க. புள்ளை வாடுது.”

“மகிழ்ச்சி சகோதரி. உங்கள் மின்மினி இப்போது பத்து மடங்கு. இந்த நேரத்தில் எடுக்கலாமா?”

“மடங்கெல்லாம் வேணாங்க. நான் போட்டது போதும்.”

“தற்சமயம் பராமரிப்பு வேலை நடக்கிறது. மேலும், எடுப்பதற்கு முன்னால் நீங்கள் நீங்கள்தானா என்று சரிபார்க்க வேண்டும். அதற்குக் கட்டணம் ஒரு மூட்டை.”

ஆமை இதையே கேட்டபோது சண்டை பிடித்தவர்கள் எல்லாம் இப்போது பக்கத்தில் நின்று, “பாத்தியா, எவ்வளவு பாதுகாப்பு!” என்று வியந்தார்கள். அஞ்சலை வீட்டில் அன்றாடச் செலவுக்கு வைத்திருந்த கடைசி வற்றலையும் கொண்டுவந்து போட்டாள்.

மறுநாள் பொந்தில் சத்தம் இல்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் இருட்டு. நரியார் துணிந்து உள்ளே புகுந்தார். புகுந்தவர் அதே வழியாகத் திரும்பி வரவில்லை. வெகுநேரம் கழித்து மலையைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“அது பொந்தே இல்ல. வழி. மலைக்கு அடியால பூந்து, அந்தப் பக்கம் லாரி போற ரோட்டுல போய் முடியுது.”

“மின்மினி?”

“பறந்து போச்சு. தாங்கதான் செலாவணின்னு அதுங்களுக்கே தெரியாது.”

உடனே ஆலமரத்தடியில் கூட்டம் கூடியது. திருடனை எப்படிப் பிடிப்பது என்று யாரும் பேசவில்லை. அவன் யார் பக்கம் என்றுதான் பேசினார்கள்.

“மரத்துல இருந்தான். குரங்குதான்” என்றார் கொம்பையா.

“உறுமினான்னு சொன்னது யாரு? உங்க பன்னிக் கூட்டம்தான்!” என்று குரங்குகள் எகிறின.

“இவ்வளவு மூளை நரியைத் தவிர யாருக்கு இருக்கு?”

“யோவ், நான் போட்ட நண்டு எவ்வளவு தெரியுமாய்யா?” என்று நரியார் வாய்விட்டு அழுதார். அதிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. கடைசியில் கடித்துக்கொண்டு கலைந்தார்கள்.

அஞ்சலைக்குச் சண்டை போட நேரமில்லை. நேராக ஆமையண்ணனிடம் போனாள்.

“அண்ணே, ஒரு பிடி கடன் குடுங்க. மழை விழுந்ததும் திருப்பிக் குடுத்துடறேன்.”

“உனக்குத் தெரிஞ்சதுதானே அஞ்சலை. கடன்னா ஈடு வேணும். உன்கிட்ட என்ன இருக்கு?”

“புள்ளைதான் இருக்கு.”

“அது தேறாதே” என்றார் ஆமையண்ணன். கல்நெஞ்சக்காரர் அல்ல, விதியில் அப்படி இருந்தது.

கொம்பையாவிடம் போனாள். “மாமா, ரெண்டு கிழங்கு இருந்தா...”

“நானே எல்லாத்தையும் போட்டுட்டு நடுத்தெருவுல நிக்கிறேன். அப்படியே இருந்தாலும் உனக்கு எப்படிம்மா குடுக்குறது? உன்னை எனக்கு நல்லாத் தெரியும். உன்கிட்ட ஒண்ணுமில்லேன்னும் தெரியும்.”

குரங்குகள் சிரித்தன. மைனா பறந்துவிட்டது. ஒரு காடே அவளை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது.

வெயில் தாங்காமல் அவள் குட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரை மருதமரத்துப் பொந்தில் ஒதுங்கினாள். முயல் உயரமே உள்ள சருகுமான்கள் அப்படி ஒதுங்குவது வழக்கம்தான். குட்டி நடக்க முடியாமல் சுருண்டு படுத்துவிட்டது. அப்போது வெளியே சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. சிறுத்தையோ என்று அவள் நடுங்கிப்போனாள்.

“உள்ள யாரு?”

கொம்பையாவின் குரல். சிறுத்தைப் பயத்தில் அவளுக்கு அது யார் குரல் என்று புரியவில்லை; அவள் குரலும் வேறு மாதிரி கம்மலாக வந்தது.

“இப்ப வேணாம். போயிடு.”

வெளியே குளம்புச் சத்தம் ஓரடி பின்வாங்கியது. பிறகு கொம்பையாவின் குரல் குழைந்தது. “ஐயா! தெரியாம சத்தம் போட்டுட்டேன். புதுசா தொடங்கியிருக்கீங்களா? இப்ப வேணாங்கறீங்கன்னா, ஏற்கெனவே நெறைய பேரு போட்டுட்டாங்க போல. இந்த ஏழையையும் சேத்துக்கங்க. போனதை இதுலதான் எடுக்கணும்.”

சொல்லிவிட்டு ஓடினார். திரும்பி வந்து எதையோ உள்ளே உருட்டிவிட்டார். கிழங்கு. பிறகு இன்னொன்று. நடுத்தெருவில் நின்றவரிடம் இவ்வளவு கிழங்கு இருந்தது.

“எடுத்துட்டுப் போயிடுங்க!” என்று அஞ்சலை பதறினாள்.

“எடுத்துட்டுப் போகச் சொல்றாரு! எவ்வளவு நேர்மை!” என்று கொம்பையா காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

குட்டி கிழங்கைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அஞ்சலை அதைப் பிடுங்கவில்லை. எந்தத் தாய் பிடுங்குவாள்?

மறுநாள் விடிவதற்குள் மருதமரத்தடியில் வரிசை நின்றது. ஆலமரத்தடியில் மாரில் அடித்துக்கொண்டவர்கள் எல்லோரிடமும் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கிறது. நரியார் மூட்டையோடு நின்றார். குரங்குகள் முந்தப் பார்த்து அடிவாங்கின. வரிசையின் கடைசியில், மூச்சு வாங்க, ஆமையண்ணன். களஞ்சியத்தில் காடு நம்பி வைத்திருந்த பொருளில் பாதியை முதுகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். கைரேகை, கால்ரேகை, ஈடு எதையும் அவர் கேட்கவில்லை.

அதைப் பார்த்ததும் அஞ்சலைக்குத் தாங்கவில்லை. இது ஊர்ப் பொருள் ஆயிற்றே. பொந்திலிருந்து வெளியே குதித்தாள்.

“அண்ணே, மாமா, எல்லாரும் கேளுங்க! உள்ள யாருமில்ல. நான்தான். நானும் என் புள்ளையும்தான். பயத்துல பேசினது. கிழங்கு நாங்க தின்னுட்டோம், மழை விழுந்ததும் குடுத்துடறேன்.”

கூட்டம் அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தது.

“நீயா?” என்றார் கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உன்னை எங்களுக்குத் தெரியாதா? நேத்து ரெண்டு கிழங்குக்கு என்கிட்ட நின்னவ நீ!”

“வரிசையில முந்துறதுக்கு எப்படியெல்லாம் யோசிக்கிறா பாரு” என்றார் நரியார்.

“போம்மா, கடைசில போய் நில்லு. பெரிய மனுஷங்க தொழில் பண்ற இடம்” என்றார் ஆமையண்ணன்.

அவள் தலையிலடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவளைத் தள்ளிவிட்டுப் பொந்துக்குள் பொருளைக் கொட்டினார்கள். கிழங்கு, பழம், வற்றல், தேனடை. அப்போது உள்ளேயிருந்து குட்டி, வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு கத்தியது.

“போதும்!”

வெளியே எல்லோரும் அசந்துபோய் நின்றார்கள். ஆமையண்ணனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“என் வயசுக்கு எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். ‘போதும்’னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். மீதிப் பாதியையும் கொண்டுவந்துடறேன்.”

அஞ்சலை அவரைப் பார்த்தாள். பொந்தைப் பார்த்தாள். உள்ளே குட்டி எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. மருதமரத்துக்கு வந்து சுருண்டதிலிருந்து அது எழுந்து நிற்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையின் முன்னால் வந்து நின்றாள்.

“தள்ளாதீங்க, தள்ளாதீங்க. ஒவ்வொருத்தரா வாங்க. தேன் வச்சிருக்கறவங்க இந்தப் பக்கம்.”

அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.

நீதி: கடன் கேட்கப் போகும்போது முகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும்.